நாற்பத்தோராம் நாள் மேட்னி

எங்கள் வீட்டில் மருமகளுக்கு லீவு என்று ஒன்று இருந்ததென்றால் அது மாதத்தில் மூன்று நாள்தான். வீட்டுக்குத் தூரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்கட்டு அறையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. அடுப்பங்கரையில் கால் வைக்கக் கூடாது, யாரையும் தொடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. கோயில் மலை இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிடக்கூடக் கூடாது. இதைச் சொன்னால் என் மகள் இன்று சண்டைக்கு வருவாள். அவள் கோபம் நியாயமானது. ஆனால் விடிவதற்கு முன்னால் எழுந்து வாசல் தெளிப்பதில் தொடங்கி எல்லாரும் சாப்பிட்ட பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்த எனக்கு, அந்தப் பாய் எவ்வளவு சுகமாக இருந்தது என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

அந்த லீவை நான் ஒரே ஒரு முறை திருடினேன், ஒரு சினிமாவுக்காக.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் பள்ளிப்பட்டு பக்கத்துப் பெண். வீட்டில் தறி. நைனாவுக்கு சினிமா என்ற பேச்சே ஆகாது. திருவிழாவில் பாட்டு கேட்டு நான் தலையாட்டினால்கூட முறைப்பார். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மட்டும் பார்க்காத படம் கிடையாது. அவள் ஒருநாள் ஒரு சிரிப்புப் படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பெண் பார்க்க வருகிறவனை விரட்டுவதற்காகக் கதாநாயகி காது கேட்காதவளாக நடிக்கிறாள். வந்தவனுக்கோ அவளைப் பார்த்ததும் பிடித்துவிடுகிறது. அவள் நடிக்கிறாளோ என்று சந்தேகம். அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக... இந்த இடத்துக்கு வந்ததும் அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, மணி அடித்து, டீச்சர் வந்துவிட்டார். மறுநாள் கேட்டபோதும் அதே சிரிப்பு. அவன் என்னதான் சொன்னான் என்பது தெரியாமலே எனக்குக் கல்யாணம் ஆகி, திருத்தணிக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என் வீட்டுக்காரர் ஒரு நூல் கடையில் வேலை பார்த்தார். அவருடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டேன். மாமனார் முன்பே போய்விட்டார். அத்தை அதிகம் பேசமாட்டார், அதட்டவும் மாட்டார். ஒவ்வொரு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியும் படித் திருவிழாவுக்குப் போய், அடிவாரத்திலிருந்து உச்சிவரை முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் ஏற்றுவார். அதில் ஒரு படியைத் தவறவிட்டாலும் அந்த வருஷத்தில் ஒரு நாள் பாழ் என்பது அவர் கணக்கு.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. முதல் வருஷம் அத்தையோடு படியேறியபோது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு உறவுக்காரப் பெண்மணி நின்றிருந்தார். எல்லாரும் முதலில் என் வயிற்றைப் பார்த்தார்கள், அப்புறம் முகத்தை. "இன்னா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்ற கேள்வியை அன்று எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைச் சாமிதான் எண்ணியிருக்க வேண்டும். இன்னொரு வருஷம் அந்தக் கூட்டத்தில் ஏறக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

அடுத்த டிசம்பர் வந்தது. அரைப் பரீட்சை லீவு, வெளியூர்க் கூட்டம் வேறு. அதை நம்பித் தியேட்டர்காரர் பழைய சிரிப்புப் படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போனவள் போஸ்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அதே படம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாளைக்கு என்றார். நாளை போய் மறுநாள் ஆனது. கடையில் வருஷக் கடைசி வேலை. முப்பதாம் தேதி சாயங்காலம் போஸ்டரின் மேல் 'நாளையே கடைசி' என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். மறுநாள் முதலாளி மலைக்குப் போவதால் நூல் கடைக்கு லீவு. அவருக்கு லீவு, எனக்குப் படி. ராத்திரி பூராவும் எனக்குப் பொருமல்.

காலையில் அத்தை முற்றத்தில் உட்கார்ந்து மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வழக்கமான ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு பித்தளைத் தட்டு.

"இந்த வாட்டி நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ரெண்டு பேரும் சேந்து எல்லாப் படிக்கும் வச்சிகினு போலாம்மா" என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அத்தே, நான் வீட்டுக்குத் தூரம்ங்க" என்றேன்.

மஞ்சளுக்குள் இருந்த அவர் கை அப்படியே நின்றது. "இப்பவா?"

"ஆங்... இப்பதான்."

பிறகு என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னார்: "நாப்பத்தியோரு நாளாச்சேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

சொல்லிவிட்டு, இரண்டாவது தட்டில் இருந்த மஞ்சளை வழித்து முதல் தட்டில் சேர்த்தார்.

நான் நாள் எண்ணுகிறவள் இல்லை. எனக்கு எப்போதும் முன்னே பின்னேதான் வரும். அவர் எண்ணியிருக்கிறார். பத்து நாளாக என்னைக் கிணற்றில் தண்ணீர் சேந்த விடாமல் குடத்தைப் பிடுங்கிக்கொண்டாரே, அது இதற்குத்தான். மாமியாருக்குத் திடீரென்று நல்ல புத்தி வந்திருக்கிறது என்று நான் உள்ளுக்குள் கேலி செய்துகொண்டிருந்தேன். இரண்டாவது தட்டும் எனக்காக எடுத்தது இல்லை போலிருக்கிறது, என் வயிற்றில் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்ட இன்னொருவருக்காக.

அப்போதே சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிட்டேன் அத்தே, மன்னிச்சிக்கோங்க. இவ்வளவுதான். ஆனால் எதில் பொய் சொல்லியிருக்கிறேன், எந்த நாளில் சொல்லியிருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. சொல்லாமலே பின்கட்டுக்குப் போய்ப் பாயை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அரைமணி நேரம் கழித்து நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அழுவுறியா?"

"இல்லீங்க" என்றேன். உண்மையிலேயே அழவில்லை. அவர் அதை நம்பவில்லை.

"சும்மா செவுத்த பாத்துகினு கெடக்காத. அவன இட்டுகினு சினிமாவுக்குப் போய்ட்டு வா. இந்த மூணு நாள்ல நாம போறதுக்குன்னு அந்தக் கொட்டாய் ஒண்ணுதான இருக்குது. ஏதோ சிரிப்புப் படமாம். கொஞ்ச நேரம் சிரிச்சிட்டு வாம்மா."

வேகவைத்த வேர்க்கடலையை ஒரு இலையில் கட்டி நிலைப்படியில் வைத்தார். நான் எடுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டடி பின்னால் போனார். எப்படி அனுமதி வாங்குவது என்று நான் யோசித்து வைத்திருந்த சாமர்த்தியம் எதற்கும் வேலையே வரவில்லை. பதினோரு மணி வாக்கில் ஈரப்புடவையோடு, ஒற்றைத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் தனியாகக் கிளம்பிப் போனார்.

படம் இரண்டரை மணிக்கு. நாற்காலி வகுப்பில் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், அதுதான் உண்மை. பெண் பார்க்கிற காட்சி வந்தது. அவன் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மூச்சு விடுகிற சத்தத்தில் சொன்னான்: "உன் பின்னல்ல பல்லி."

அவள் துள்ளிய துள்ளலில் காபித் தட்டு பறந்து போய் அவளுடைய அப்பாவின் மடியில் விழுந்தது. நான் சிரித்த சிரிப்பில் முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அந்த ஒரு பொய்யை மறைக்க அவள் ஒன்பது பொய் சொல்வதும், அவன் அதற்கெல்லாம் ஈடு கொடுப்பதுமாகப் படம் ஓடியது. அத்தை கொடுத்த கடலையை உரித்து உரித்துத் தின்றுகொண்டே பார்த்தேன்.

இடைவேளையில் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அடிப்பாவி!" என்று சிரித்து, எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். போகச் சொன்னாங்க என்றேன். நாற்பத்தோரு நாளை மட்டும் சொல்லவில்லை. இடைவேளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு குறைந்துவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. குறையவில்லை. கடைசியில் எல்லாப் பொய்யும் வெளிப்பட்டு, எல்லாரும் எல்லாரையும் மன்னித்து, ஒரே வரிசையில் நின்று சிரித்தபோது நானும் கை தட்டினேன்.

வெளியே வந்தால் மலைமேல் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். படிப்பக்கத்திலிருந்து பஜனைச் சத்தம் கேட்டது. அத்தை எத்தனையாவது படியில் இருப்பாரோ என்று வீட்டுக்காரர் சொன்னார். இந்நேரம் ஏறி முடித்து, புது வருஷ தரிசனத்துக்காக மேலே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார் என்று நான் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஒரு ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றது. எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் அத்தையைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். புடவை முட்டிக்கு நேராகக் கிழிந்திருந்தது. மஞ்சளும் ரத்தமும் சேர்ந்து துணி விறைத்துப் போயிருந்தது.

"முட்டி போட்டுகினே ஏறினாங்க. சொன்னா கேக்கல. பழைய வேண்டுதலாம்" என்றாள் ஒருத்தி.

நான் பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிப் போய்ப் பிடிக்க வேண்டும். முடியாது. நான் தூரம். அத்தை என்னைப் பார்த்து, கிட்டே வந்துவிடாதே என்பதுபோல் கையைக் காட்டினார். பெண்கள் போன பிறகு, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு தூரத்திலிருந்தே என்னிடம் சொன்னார்.

"எங்கியோ நான்தான் தப்பு பண்ணிருக்கேன். அதான் நாப்பத்தியோரு நாள் காட்டிட்டு எடுத்துகினான். எல்லாப் படியிலயும் மன்னாப்பு கேட்டுட்டு வந்துட்டேன். இனிமே குடுப்பான், நீ கவலப்படாத."

பிறகு ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் காட்டி, நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு இட்டுக்கொள்ளச் சொல்லி மாடத்தில் வைத்தார்.

அதற்குப் பிந்தைய இரண்டு நாளைப் போல் என் வாழ்க்கையில் வேறு நாள் இல்லை. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அவர் அடுப்படிக்குப் போனார். சுவரைப் பிடித்துப் பிடித்துச் சோறு வடித்தார். என் தட்டில் போட்டுக் கொண்டுவந்து, குனிய முடியாமல் குனிந்து நிலைப்படியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு குடம் தண்ணீர் தூக்கிக் கொடுக்க முடியாது. அந்த முட்டியில் ஒரு கை எண்ணெய் தடவ முடியாது. நான் தொட்டால் அவருடைய வேண்டுதல் கெட்டுவிடும். தொடுவதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும், சொன்னால் முந்நூற்று அறுபத்தைந்து படியும் வீண் என்றாகும். அத்தனை சுகமாக இருந்த அந்தப் பாயில் படுக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அத்தை வந்த அன்று மத்தியானமே, வேறு வேலை இல்லாமல், விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அத்தை எண்ணியது சரி. நேற்று நாற்பத்தொன்று, இன்றோடு நாற்பத்திரண்டு. என் தூரம்தான் பொய், அவர் எண்ணிய நாள் பொய் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போனேன். சீயக்காய் வாசனை பட்டதும் குடலைப் பிரட்டிக்கொண்டு வந்தது. பித்தம் என்று அத்தை சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நாற்பத்தோரு நாளையும் சேர்த்து. அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "இப்பச் சொன்னா அம்மா முட்டிக்கு இன்னா பதில் சொல்வ?" என்றார். மாசியில் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் மூன்று மாதம் என்றார். அத்தையிடம் நாங்கள் மாதத்தைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னோம். அவர் மலைப் பக்கம் திரும்பி நின்று கும்பிட்டார். குனிந்து விழுந்து கும்பிட அவருக்கு அப்போதே முடியாமல் போயிருந்தது.

அவர் கணக்குப்படி பிள்ளை புரட்டாசியில் பிறக்க வேண்டும். ஆவணியிலேயே பிறந்தாள், நல்ல கொழுக்குமொழுக்கென்று. நல்லா முத்தின பிள்ளை என்று நர்ஸ் சொன்னதை அத்தை காதிலேயே வாங்கவில்லை. எட்டு மாதத்துப் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்தை அவர் மூன்று வருஷம் சுமந்தார். பிள்ளை தும்மினால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பார். குறையில்லாமல் பிறந்த குழந்தையை அவர் அப்படிக் காவல் காத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தையில் அந்தப் பயத்தைத் தீர்த்திருக்கலாம். தீர்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

அந்த முட்டி அதற்கப்புறம் தேறவே இல்லை. அத்தை பிறகு மலைக்குப் போனதெல்லாம் சுற்றுப்பாதையில், பஸ்ஸில்தான். படித் திருவிழாவன்று மட்டும் அடிவாரம்வரை நடந்து வந்து, முதல் படிக்கு மஞ்சள் வைத்துவிட்டு, "மீதிய நீ பாத்துக்கோ" என்று தட்டை என்னிடம் கொடுப்பார். முந்நூற்று அறுபத்து நாலு படியையும் நான் பார்த்துக்கொண்டேன், ஒவ்வொரு வருஷமும். ஒரு வருஷம் அன்று காலையில் உண்மையாகவே தூரமாகிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. குளித்துவிட்டுப் போய் எல்லாப் படிக்கும் மஞ்சள் வைத்தேன். அந்த ஒரு பொய்க்கு மட்டும் எனக்கு இன்றுவரை உறுத்தல் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் பக்கத்து வீட்டில் டி.வி. வந்தது. மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி மெட்ராஸைப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்குத் தெருவே அங்கேதான். ஒரு அரைப் பரீட்சை லீவில், பன்னிரண்டு வயது மகளோடும் அத்தையோடும் போய் உட்கார்ந்தேன். பெயர் போட்டதும்தான் தெரிந்தது, அதே படம். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

பல்லி வந்தது. அத்தை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். மகளும் அவர்மேல் சாய்ந்து சிரித்தாள்.

நடுவில் செய்திக்காகப் படத்தை நிறுத்தினார்கள். கூட்டம் வெளியே காற்று வாங்கப் போனது, மகளும் ஓடினாள். நானும் அத்தையும் மட்டும் இருந்தோம். அவர் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு நீ போய்ப் பாத்தது இந்தப் படந்தான?"

"ஆங், இதுதான் அத்தே."

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப வருஷமா நெனச்சிகினு இருக்கேன். அன்னிக்கு வாயத் தொறந்து நாப்பத்தியோரு நாளுன்னு சொல்லிட்டேன் பாரு. புள்ள இல்லாத பொண்ணாண்ட அப்பிடிச் சொல்லலாமா? நீயே நொந்துபோய் நிக்கிற. சொன்ன ஒடனே நாக்கக் கடிச்சிகினேன். சினிமாவுக்கு அனுப்பிட்டேனே தவிர, இருட்டுல குந்திகினு அழுதுகினு இருப்பியோன்னு படி ஏறும்போதெல்லாம் அதே நெனப்பு. இன்னி வரைக்கும் அது எனக்கு உறுத்திகினேதான் இருக்குது. மறைக்காம சொல்லு. அன்னிக்கு நீ சிரிச்சியா?"

எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்த்தேன். தூரம், பொய், வயிற்றில் அன்றைக்கே மகள் இருந்தது, எல்லாம். அவர் முகத்தைப் பார்த்தேன். பதிலுக்காகப் பயந்துகொண்டிருந்தது அவர், நான் இல்லை.

"சிரிச்சேன் அத்தே. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன்."

அந்த நாளைப் பற்றி நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அது.

"ஆங்... அப்பிடின்னா சரி" என்று ஒரு பெருமூச்சு விட்டார். செய்தி முடிந்து எல்லாரும் திரும்பி வந்தார்கள். மகள் வந்து பாட்டியின் அந்த முட்டிமேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவருக்கு வலித்திருக்கும், ஆனால் காலை நகர்த்தவில்லை. மீதிப் படத்தை மூன்று பேரும் பார்த்தோம்.